தெரியாத ஊரில் எந்த ஓட்டலுக்குள் நுழைவது?

(களமசேரியில் நடந்த நம் அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "யாத்திரையில் ஆரோக்கியம்". அது ரொம்பப் பெரிய தலைப்பு. மாத்திரை டப்பா, முழங்கால் வலி எல்லாவற்றையும் டாக்டர்கள் பேசட்டும். நான் எடுத்துக்கொள்வது ஒரு மூலை மட்டும். முன்பின் தெரியாத இடம், மணி ஒன்றரை, பசி. எதிரே நாலு ஓட்டல். எதற்குள் நுழைவது? மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டூர் போனவன் நான். படித்தது பி.எஸ்சி. ரசாயனம். இந்த இரண்டு யோக்யதையைத் தவிர வேறு யோக்யதை இந்த விஷயத்தில் எனக்குக் கிடையாது.

நாளைக்கு உங்களில் பாதிப் பேர் மட்டாஞ்சேரி போவதாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். டச்சு அரண்மனை என்று சொல்கிறார்களே, அது உண்மையில் போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் 1663க்குப் பிறகு பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. அங்கே ராமாயணச் சுவரோவியங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, யூதர் தெருவையும் சுற்றிவிட்டு வெளியே வரும்போது சரியாகச் சாப்பாட்டு வேளை. அந்தத் தெருவில் வாசனைத் திரவியக் கடை, பழம்பொருள் கடை, அவற்றுக்கு நடுவே அழகழகான உணவகங்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்தக் கடையில் இன்றைக்குச் சாப்பிடுகிறவன் நாளைக்கும் வருவானா? அரண்மனை வாசலில் இருக்கும் கடைக்கு வருகிறவர் இன்றோடு சரி, மறுபடி வரப்போவதில்லை. சாம்பார் புளித்துப் போயிருந்தால் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள், ரயிலேறிப் போய்விடுவீர்கள். கடைக்காரருக்கு நஷ்டமில்லை. எல்லாச் சுற்றுலாக் கடையும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்த வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே குறைவு, அவ்வளவுதான். அதே மட்டாஞ்சேரியில் பத்து நிமிஷம் நடந்தால் குஜராத்தி தெரு வருகிறது. தலைமுறை தலைமுறையாக மிளகும் ஏலமும் வியாபாரம் செய்யும் குஜராத்திகள், ஜைனர்கள் இருக்கும் இடம். பக்கத்திலேயே திருமலை தேவஸ்வம் கோயில், அதைச் சுற்றிக் கொங்கணிகள். குமாஸ்தாவும் கணக்குப்பிள்ளையும் தினமும் ஒரே கடையில்தான் சாப்பிடுகிறார்கள். ஒரு நாள் ருசி கெட்டால் மறுநாள் கல்லாவில் கேட்பார்கள். சுத்த சைவம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் நடப்பதே புத்தி.

இதே கணக்கைக் களமசேரியிலும் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் ஓட்டல் ஒரு வகை. பஸ்ஸில் வந்தவர்களுக்கு வேறு வழியில்லை, இருபது நிமிஷத்தில் ஏறியாக வேண்டும். அந்த மாதிரி ஓர் ஓட்டலில், எந்த மாநிலம் என்றுகூடச் சொல்லப் போவதில்லை, தோசைக்கு அரை மணி காக்க வைத்துவிட்டு, பஸ் ஹாரன் அடித்ததும் பில்லை மட்டும் ஓடி வந்து கொடுத்தார்கள். ஹெச்.எம்.டி. சந்திப்புப் பக்கம், பல்கலைக்கழகத்தின் பக்கம் இருக்கும் சாதாரணக் கடைகள் வேறு வகை. தொழிற்சாலை ஆளும் மாணவனும் மாதக் கணக்கில் வந்துபோகிறவர்கள். அங்கே மேஜை பளபளக்காது. ஆனால் சோறு சூடாக இருக்கும்.

"கூட்டம் இருக்கும் கடைக்குப் போ" என்று எல்லோரும் சொல்வார்கள். நம் வீடுகளில் இது வேதவாக்கு. இதைக் கொஞ்சம் பரிசீலிக்க வேண்டும். 2019ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி, 1992ல் கூட்ட மனப்பான்மையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே ஓட்டல்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டல்கள். முதல் ஓட்டல்தான் நல்லது என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம், அதுவும் நூற்றுக்கு 51 என்கிற அளவில்தான். நூறு பேர் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் 99 பேருக்கு, இரண்டாவது ஓட்டல்தான் நன்றாக இருக்கும் என்று தனித்தனியாகத் தகவல் கிடைத்திருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் மாறான தகவல். துரதிர்ஷ்டவசமாக அவர் முதலில் வந்து முதல் ஓட்டலுக்குள் நுழைந்துவிடுகிறார். இரண்டாவது ஆள் யோசிக்கிறார்: "எனக்குக் கிடைத்த தகவல் ஒரு பக்கம், அவருக்குக் கிடைத்தது மறு பக்கம். இரண்டும் சரிக்குச் சரி. பொது அபிப்பிராயப்படியே போவோம்." அவரும் முதல் ஓட்டலுக்கே போகிறார். மூன்றாமவர் இரண்டு பேர் உள்ளே இருப்பதைப் பார்க்கிறார். இப்படியே நூறு பேரும் முதல் ஓட்டலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல ஓட்டல்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கைபேசியில் தெரியும் நட்சத்திரங்களுக்கும் இது பொருந்தும். ஆயிரம் பேர் நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்? அதோடு, நட்சத்திரம் கொடுத்தவருக்குப் பிடித்தது மீன் பொள்ளிச்சதாக இருக்கலாம். நமக்கு அதனால் என்ன பிரயோஜனம்? ஆகையால் கூட்டத்தை எண்ணாதீர்கள், யார் கூட்டம் என்று பாருங்கள். கையில் டிபன் கேரியரோடு பார்சலுக்கு நிற்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், பத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சமம்.

கல்கத்தாவில் சாகா ஆய்வு நிலையத்து இயற்பியல் விஞ்ஞானிகள் சிலர் இதிலேயே இன்னொரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்கத்தாவின் மலிவுச் சாப்பாட்டுக் கடைகளின் பெயரையே அதற்கு வைத்தார்கள், "கல்கத்தா பைசா ஓட்டல் கணக்கு" என்று. ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை ஓட்டல், ஒவ்வொன்றிலும் ஒருவருக்குத்தான் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் நுழைந்தால் சுமார் 63 சதவீதம் பேருக்குத்தான் சாப்பாடு கிடைக்கும். மீதிப் பேர் பட்டினி. அத்தனை ஓட்டலில் சோறு வீணாகிறது! கணிதம் படித்தவர்கள் அந்த 63ஐப் பார்த்ததும் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டிருப்பார்கள். மற்றவர்கள் விட்டுவிடுங்கள்.

அதே எண்ணின் மறுபாதி, 37, வேறொரு கணக்கில் வருகிறது. இது 1960ல் மார்ட்டின் கார்டனர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிப் பிரபலமானது. வரிசையாக வருகிறவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விட்டதற்குத் திரும்பிப் போகக் கூடாது என்றால், முதல் 37 சதவீதத்தைச் சும்மா பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அவை எல்லாவற்றையும் விட நன்றாக இருக்கும் முதலாவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்துக் கடை என்றால் மூன்றை விட வேண்டும். கார் ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது சரி. சாலக்குடி தாண்டியதும் முதல் ஓட்டலிலேயே நிறுத்தாமல் இரண்டு மூன்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போகலாம். நடந்து போகிறவருக்கு இந்தச் சட்டம் தேவையில்லை, திரும்பி வரலாமே. சம்பந்தி வீட்டாரோடு வரும்போது மட்டும் எந்தக் கணிதமும் எடுபடாது, பசித்தவர் முதலில் கைகாட்டிய கடைதான்.

சரி, விளையாட்டுப் பேச்சு போதும். இனி சொல்லப்போவது ருசியைப் பற்றியது அல்ல.

எர்ணாகுளம் ஜில்லாவில் பெரும்பாவூருக்குப் பக்கத்தில் வேங்கூர் என்று ஒரு பஞ்சாயத்து. 2024ல் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே இருநூறு பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்தது, ஹெபடைடிஸ் ஏ வகை. உயிரிழப்பும் ஏற்பட்டது. அது ஓட்டலில் வந்ததல்ல, குழாய்த் தண்ணீரில் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் இந்தக் களமசேரி நகராட்சியிலேயே சில வார்டுகளில் அதே வியாதி பரவியது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த ஊர் ஜனங்கள் சுத்தத்தில் நம்மைவிட ஒருபடி மேல். ஆனால் வீட்டுக்கு வீடு கிணறும், கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவுத் தொட்டியும், வருஷத்தில் ஆறு மாதம் மழையும் இருக்கிற பூமி இது.

இந்த வியாதியின் குணம் என்னவென்றால், கிருமி உள்ளே போய் 15 நாளிலிருந்து 50 நாளுக்குள் தலைகாட்டும். சராசரி 28 நாள். ஆகவே யாரும் ஓட்டலைச் சந்தேகிப்பதே இல்லை. ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, பேரனுக்குக் கண் மஞ்சளாகும்போது, மட்டாஞ்சேரியில் குடித்த மோர் யாருக்கு ஞாபகம் வரும்? பேரன் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். நம் தலைமுறையில் பெரும்பாலோருக்கு இது குழந்தையிலேயே வந்து, வந்தது தெரியாமலே போயிருக்கும். நமக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அடுக்குமாடியில் வடிகட்டின தண்ணீர் குடித்து வளர்ந்த பையனுக்கும், நியூஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்த பெண்ணுக்கும் அது இல்லை. வயது ஏறியபின் முதல் தடவையாக வந்தால் இந்த வியாதி கடுமையாக இருக்கும். ஆக, ஒரே மேஜையில் தாத்தா தைரியமாகக் குடிக்கும் தண்ணீர் பேரனை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம்.

கேரளத்து ஓட்டல்களில் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார்கள். சீரகம் போட்டிருக்கும், அல்லது கருங்காலி, அல்லது பதிமுகம் போட்டு இளஞ்சிவப்பாக இருக்கும். ரொம்ப நல்ல வழக்கம். ஆனால் சிவப்பு நிறம் மரக்கட்டையிலிருந்து வருவது, கொதித்ததற்கு அது சாட்சி ஆகாது. கூட்டம் நெரியும் நேரத்தில், கொதித்த நீர் ஆறும்வரை யார் காத்திருப்பார்கள்? பச்சைத் தண்ணீரை விட்டு விளாவிவிடுவார்கள். இங்குள்ள சுகாதார இலாகா "கொதித்த நீரில் பச்சைத் தண்ணீர் கலக்காதீர்கள்" என்று வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்கிறது.

எவ்வளவு கலந்திருக்கும்? பள்ளிக்கூடத்துக் கலோரிமீட்டர் கணக்குத்தான். கொதிநீர் 100 டிகிரி, பச்சைத் தண்ணீர் 30 டிகிரி. டம்ளரில் இருப்பது, தயக்கமில்லாமல் குடிக்கக்கூடிய 45 டிகிரி. 30லிருந்து 45க்கு ஏற 15 டிகிரி. மொத்த வித்தியாசம் 70. பதினைந்தை எழுபதால் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம். அதாவது விளாவின தண்ணீராக இருந்தால் டம்ளரில் ஐந்தில் ஒரு பங்குதான் கொதித்தது, நாலு பங்கு பச்சைத் தண்ணீர்! இந்தக் கிருமி அழிய 85 டிகிரியில் ஒரு நிமிஷமாவது இருக்க வேண்டும். 45ல் அதற்கு வெந்நீர் ஸ்நானம் செய்த சுகம்.

ஆகவே தண்ணீரைக் கேளுங்கள். "திளைப்பிச்ச வெள்ளமாணோ?" என்றால் கொதிக்க வைத்ததா என்று அர்த்தம். "பச்ச வெள்ளம் சேர்த்ததாணோ?" என்றும் கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, இந்த ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். கையைச் சுடும் நீரைக் கொண்டுவந்து வைத்து, ஆற்றிக் குடியுங்கள் என்கிற கடை எனக்குப் பிடித்த கடை. பதில் மழுப்பலாக வந்தால் சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் டம்ளரில் மட்டும் இல்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தோசை கல்லிலிருந்து நேராக வருகிறது, பயமில்லை. சாம்பார் கொதித்தால் பயமில்லை. தேங்காய்ச் சட்னி? பச்சைத் தேங்காயைப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தது, அடுப்பையே பார்க்காதது. சந்தேகமான கடையில் நான் தோசையைச் சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டுச் சட்னியை ஒதுக்கிவிடுவேன். தயிர் காய்ச்சின பாலில் தோய்ந்தது, சரி. அதையே தண்ணீர் விட்டுக் கடைந்து சம்பாரம் என்று கொடுத்தால் மறுபடி அதே கேள்வி. எலுமிச்சை ரசத்தில் போடும் ஐஸ் கட்டியும் அப்படியே. குளிரில் இந்தக் கிருமி சாவதில்லை.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசியில் இருக்கும் ஒருவகை பாசிலஸ் கிருமியின் விதைகள் கொதியிலும் பிழைத்திருக்கும். வடித்த சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி விஷம் உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஐந்து டிகிரிக்குக் கீழே அல்லது அறுபதுக்கு மேலே வைக்க வேண்டும் என்பது இதனால்தான். மூன்று மணிக்கு ஓட்டலுக்குப் போய் எலுமிச்சஞ்சாதம் கேட்பதைவிட, அப்போதே வார்க்கும் தோசை மேல். பார்சல் வாங்கினால் மேலே சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த நேரமும், எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டுமென்று 2023 ஜனவரியில் கேரள அரசு உத்தரவு போட்டது. அதே மாதத்தில்தான் இந்தக் களமசேரியில் ஒரு வீட்டில் சுமார் 500 கிலோ கெட்டுப்போன கோழி மாமிசத்தைப் பிடித்தார்கள், ஓட்டல்களுக்குப் போக இருந்தது. "நமக்கென்ன, நாம் சைவம்" என்று சிலர் அப்போது சொன்னார்கள். அந்த ஓட்டலின் கிணறும் கையும் பாத்திரமும் எல்லாச் சாப்பாட்டுக்கும் பொதுதானே?

இதை நம்மவர் சபையில் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நம் தாத்தா காலத்தில் தெரியாத ஊரில் ஓட்டல் தேடுவது சுலபம். "பிராமணாள் காபி கிளப்" என்று பலகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தார்கள். 1957ல் திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியார் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், அந்தப் பெயர்ப் பலகைகள் மறைந்தன. அதில் நமக்கு வருத்தம் உண்டா என்று என்னைக் கேட்டால், இல்லை. பலகை மற்றவர்களை வாசலில் நிறுத்தியது என்பது ஒரு பக்கம். சாப்பிடுகிறவனுக்கும் அது சமையல்காரரின் பிறப்பைத்தான் சொன்னதே தவிர, அவருடைய கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் "ஐயர் மெஸ்", "அக்ரஹாரம்" என்று பெயர் பார்த்து ஓடுகிறோம். பெயரைப் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் மாட்டியிருக்கிறதா என்றும் படியுங்கள். பிறகு கை கழுவுமிடத்துக்குப் போங்கள். சமையலறையை நமக்குக் காட்டமாட்டார்கள், கை கழுவுமிடத்தைக் காட்டித்தானே ஆக வேண்டும்? சோப்பு இல்லையென்றால், பரிமாறுகிறவருக்கும் சோப்பு இல்லை.

கேரளத்துக்கே உரிய சில சங்கடங்கள். "ஊணு" என்று பலகை போட்ட கடையில் சாதாரணமாக மீன் குழம்புதான் முதலில் வரும். "சாறு வேணோ?" என்று கேட்டபடியே ஊற்றிவிடுவார்கள். ரசம் என்று நினைத்து மைசூர்ப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் தலையாட்டப் பார்த்தார், நல்லவேளையாக நான் கையை நீட்டி இலையை மறைத்தேன். "கறி" என்றால் நம் ஆத்தில் வாழைக்காய்க் கறி. சென்னைத் தெருவில் அது ஆடு. இங்கே தொட்டுக்கொள்ளும் எதுவும் கறி. ஆகவே "சுத்த வெஜிடேரியன் ஆணோ?" என்று தெளிவாகக் கேட்டுவிட்டு உட்காருங்கள். இண்டியன் காபி ஹவுஸ் பார்த்தால் சந்தோஷமாகப் போங்கள். ஏ.கே. கோபாலன் முயற்சியில், வேலையிழந்த காபி போர்டு தொழிலாளிகள் 1958ல் திருச்சூரில் கூட்டுறவாக ஆரம்பித்தது. விசிறித் தலைப்பாகையோடு பரிமாறுகிறவரும் ஒரு பங்காளி. மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக இருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் அங்கே முட்டையும் மாமிசமும் உண்டு, அது உங்கள் சௌகரியம்.

ஆட்டோக்காரரிடம் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால், நமக்கு எது பிடிக்கும் என்று அவர் ஊகித்துப் பெரிய கட்டடமாகப் பார்த்துக் கொண்டுவிடுவார். "தினமும் எங்கே சாயா குடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாளிடம் கேட்டால் சைவக் கடை எது என்று சந்து முதற்கொண்டு சொல்வார்கள்.

பேச்சு முடிந்ததும் மும்பையிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர் கேட்டார்: "எங்காத்துப் பேரன் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வரான். ஓட்டலுக்கே கூட்டிண்டு போகாதேன்னு சொல்றேளா?" அப்படிச் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் ஏ வியாதிக்குத் தடுப்பூசி இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளில் பலருக்கு ஏற்கெனவே போட்டிருப்பார்கள், ஊசி அட்டையைப் பார்த்தால் தெரியும். போடாதிருந்தால், விமான டிக்கெட் வாங்கும்போதே டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலாவது முதல் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது ஊசி, அங்கே அது வழக்கமாக ஆறு மாதத்துக்குப் பிறகுதான், ஊருக்குத் திரும்பிப் போன பிறகு போட்டுக்கொள்ளட்டும்.